பேரை அடிக்க யாரால முடியும்?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

இன்னைக்கு நேரா விஷயத்துக்கே வந்துடறேன். உங்க போனை எடுத்துக் கான்டாக்ட்ஸ் பாருங்க. 'ஆடிட்டர் சார்'னு ஒரு நம்பர் இருக்கும். 'வக்கீல்'னு ஒண்ணு இருக்கும். எஸ்.ஐ.பி. எதுல போடணும்னு சொன்ன ஒருத்தர் நம்பரும் இருக்கும். இவங்க மூணு பேர்ல யாரையாவது, இவர் அந்தப் பேருக்கு உரியவர்தானான்னு ஒரு தடவையாவது சரிபார்த்திருக்கீங்களா?

பெரும்பாலும் 'இல்லை'ன்னுதான் பதில் வரும். ஃப்ரெண்டு சொன்னார், ஆபீஸ்ல எல்லாரும் இவர்கிட்டதான் போறாங்க, அப்பாவோட பழைய பழக்கம். இப்படித்தான் நாம ஆள் பிடிக்கிறோம். ஐந்நூறு ரூபாய் செருப்பு வாங்க நாற்பது ரிவ்யூ படிக்கிற நாம, ஐம்பது லட்சம் ரூபாய் ஃப்ளாட்டுக்கு லீகல் ஒப்பீனியன் கொடுக்கிறவரைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிக்கிறதில்லை.

இன்னைய எபிசோட் இதைப் பத்தித்தான். சட்டம், கணக்கு, முதலீடு, இந்த மூணு துறையிலயும் வேலை செய்றவங்களை இந்தியாவுல யார் கட்டுப்படுத்துறாங்க? எப்படி? அது நமக்கு எந்த அளவுக்குப் பாதுகாப்பு, எங்கே போய் நின்னுடுது?

ஏன் இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டம்?

ஒரு பிளம்பர் வர்றார், குழாயை மாத்துறார். சரியா பண்ணலைன்னா அன்னைக்கு ராத்திரியே சொட்டுச் சொட்டா தண்ணி ஒழுகும். தப்பு உடனே தெரிஞ்சிடும். அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவீங்க.

வக்கீல் வேலை அப்படி இல்லை. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துட்டு, "எல்லாம் கிளியர், வாங்கலாம்"னு எழுதிக் கொடுக்கிறார். அதுல ஒரு வாரிசோட கையெழுத்து விட்டுப்போனது, பன்னிரண்டு வருஷம் கழிச்சு அந்த வாரிசோட பிள்ளை நோட்டீஸ் அனுப்பும்போதுதான் தெரியும். அதாவது, காசு கொடுத்து வாங்கின பொருள் நல்லதா கெட்டதான்னு வாங்குறவராலேயே கண்டுபிடிக்க முடியாத தொழில் இது.

ஆடிட்டர் விஷயத்துல இன்னொரு சிக்கலும் சேருது. அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது கம்பெனி. அவர் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுக்கிறது பேங்க். பங்கு வாங்குறது உங்களையும் என்னையும் மாதிரி ஆட்கள். காசு கொடுத்தவர் ஒருத்தர், நம்பி ஏமாறக்கூடியவர் வேற ஒருத்தர்.

அதனாலதான் இந்தத் தொழில்களுக்கு மட்டும் சட்டம் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுது. பரீட்சை எழுதி, தகுதி காட்டி, அந்தப் பதிவேட்டுல பேர் ஏறணும். ஏறினாத்தான் அந்த வேலையைச் செய்யலாம். தப்பு பண்ணினா அந்தப் பேரை அடிச்சுடலாம்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். பட்டத்தை யாரும் திரும்ப வாங்கப் போறதில்லை. பி.எல். படிச்சவர் சாகும்வரை பி.எல். படிச்சவர்தான். ஆனா 'அட்வகேட்'ங்கிறது பட்டம் இல்லை. அது பதிவேட்டுல இருக்கிற ஒரு வரி. அந்த வரியை அடிக்க முடியும். ஒரு தொழில்முறை ஆளை நம்பலாமான்னு யோசிக்கும்போது நான் முதல்ல கேட்கிற கேள்வி, இவர் எவ்வளவு படிச்சிருக்கார்ங்கிறது இல்லை. இவர் பேரை எந்தப் பதிவேட்டுல இருந்து யாரால அடிக்க முடியும்ங்கிறதுதான். யாராலேயும் முடியாதுன்னா, நீங்க தனியாதான் நிக்கிறீங்க.

வக்கீல்களை விசாரிக்கிறது வக்கீல்கள்தான்

முதல்ல வக்கீல்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம்தான் அடிப்படை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பார் கவுன்சில். நம்ம ஊர்ல தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சில். மேல இந்திய பார் கவுன்சில். பதிவு செய்யாம நீதிமன்றத்துல வக்கீலா வேலை செஞ்சா 6 மாதம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு.

உங்க வக்கீல் மேல புகார் இருந்தா மாநில பார் கவுன்சிலுக்கு எழுதலாம். புகார்ல விஷயம் இருக்குன்னு தெரிஞ்சா, அது 3 பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், கொஞ்ச காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், இல்லைன்னா பேரையே பதிவேட்டுல இருந்து நீக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கலைன்னா கேஸ் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிடும். அதுக்கு மேல உச்ச நீதிமன்றம் வரைக்கும் மேல்முறையீடு இருக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 3 பேருமே வக்கீல்கள். 2 பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருத்தர் வெளியில இருந்து சேர்க்கப்படுற மூத்த வக்கீல். கவுன்சில் உறுப்பினர்களைத் தேர்தல்ல ஓட்டுப் போட்டு அனுப்புறதும் வக்கீல்கள். பொதுமக்கள் சார்புல ஒரு நாற்காலிகூட அந்த மேஜையில கிடையாது.

உடனே, "ஆஹா, தானே திருடன் தானே போலீஸா?"ன்னு கேட்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க. இதுக்கு ஒரு வலுவான காரணம் இருக்கு. வக்கீலோட வேலையில பாதி, அரசாங்கத்துக்கு எதிரா நிக்கிறது. போலீஸ் ஒருத்தரை அநியாயமா உள்ளே வெச்சா, அவருக்காக வாதாட ஒருத்தர் வேணும். அந்த வக்கீலோட லைசென்ஸ் அரசாங்கத்தோட பாக்கெட்டுல இருந்தா, யார் துணிஞ்சு வாதாடுவாங்க? பிரிட்டிஷ் காலத்துல வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கிற கடைசி அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கிட்ட இருந்துச்சு. 1926-ல பார் கவுன்சில் சட்டம் வந்தப்பவும் விசாரிக்கத்தான் கவுன்சில், முடிவு எடுக்கிறது நீதிமன்றம். 1961 சட்டம்தான் அந்த அதிகாரத்தை வக்கீல்கள் கையிலேயே கொடுத்துச்சு. அதை அவங்க லேசுல விட்டுக் கொடுக்க மாட்டாங்க, விட்டுக் கொடுக்கவும் கூடாது.

ஆனா சுதந்திரம் ஒரு பக்கம்னா, கட்சிக்காரரோட நியாயம் இன்னொரு பக்கம். அரசாங்கம் உள்ளே வரக் கூடாதுங்கிறது சரி. பொதுமக்களும் வரக் கூடாதுங்கிறது அதே காரணத்துல வர்றதா? வேற ஊர்ல இதைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. இங்கிலாந்துல சொலிசிட்டர்களுக்காகப் பேசுறதும், அவங்களைக் கண்டிக்கிறதும் ரொம்ப காலமா லா சொசைட்டிங்கிற ஒரே அமைப்புதான். 2004-ல கிளமென்டி அறிக்கை இதைப் பிரிக்கச் சொல்லுச்சு. 2007-ல சட்டம் வந்துச்சு. இப்போ சங்கம் தனி, ஒழுங்குமுறை தனி. வாடிக்கையாளர் புகாரைக் கேட்க 2010-ல இருந்து லீகல் ஓம்புட்ஸ்மன்னு ஒரு தனி அலுவலகமும் இருக்கு. அங்கே இழப்பீடும் கேட்கலாம். அதனால அந்த ஊர் வக்கீல்கள் எல்லாம் அரசாங்கத்துக்கு அடிமை ஆயிடலை.

இந்தியாவுல 2024 மே மாசம் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்துச்சு. வக்கீல் சரியா வேலை செய்யலைன்னு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமாங்கிறது கேள்வி. முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வக்கீல் கட்சிக்காரரோட கட்டுப்பாட்டுல, அவர் சார்பா வேலை செய்றவர், மத்த சேவைகளோட இதைச் சேர்க்க முடியாதுங்கிறது காரணம். பார் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம், சாதாரண சிவில் கோர்ட்ல வழக்குப் போடலாம். நுகர்வோர் சட்டம்ங்கிற சுலபமான வழி மட்டும் அடைச்சாச்சு.

இப்போ நான் முன்னாடி சொன்ன ஃப்ளாட் கேஸை எடுத்துக்கங்க. ஒப்பீனியன் தப்பு. பார் கவுன்சிலுக்குப் போறீங்க. ஒருவேளை வக்கீலுக்கு ஒரு வருஷம் தடையே கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். உங்க ஃப்ளாட்? உங்க ஐம்பது லட்சம்? அது அந்த விசாரணையோட வேலை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை தப்பு செஞ்சவரைப் பார்க்குது, நஷ்டப்பட்டவரைப் பார்க்குறதில்லை. இதைத் தெரிஞ்சுக்கிட்டே உள்ளே போகணும்.

வக்கீல் விஷயத்துல நடைமுறையில உதவுற மூணு விதிகள் சொல்றேன். ஒண்ணு, "ஜெயிச்சா இத்தனை பர்சன்ட்"னு ஃபீஸ் பேசக் கூடாது, அது பார் கவுன்சில் விதிப்படி தடை. ரெண்டு, ஃபீஸ் பாக்கின்னு சொல்லி உங்க கேஸ் கட்டைப் பிடிச்சு வெச்சுக்கிற உரிமை வக்கீலுக்குக் கிடையாது. 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியாச்சு. பாக்கியை அவர் தனியா வழக்குப் போட்டு வாங்கிக்கலாம், காகிதம் உங்களோடது. மூணு, வக்கீல்கள் விளம்பரம் பண்ணி ஆள் பிடிக்கக் கூடாது. ஆன்லைன் தளங்கள் வழியா வக்கீல்களை ஸ்டார் ரேட்டிங் போட்டு விக்கிறதைக் கண்டிச்சு, நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கு. அதனால 'நம்பர் ஒன் டைவர்ஸ் லாயர்'னு உங்க இன்ஸ்டாவுல ஒரு ஸ்பான்சர்டு விளம்பரம் வந்தா, அந்த ஆள் தன்னோட தொழில் விதியை உங்க கண்ணு முன்னாடியே மீறுறார்னு அர்த்தம்.

ஆடிட்டர்கள்: வெளியாள் உள்ளே வந்த கதை

அடுத்தது சி.ஏ.க்கள். 1949 சட்டம். ஜூலை 1-ஆம் தேதி ஐ.சி.ஏ.ஐ. உருவாச்சு. அந்த நாளைத்தான் இன்னைக்கும் சி.ஏ. தினமா கொண்டாடுறாங்க. இவங்களும் வக்கீல்கள் மாதிரிதான். பரீட்சை வைக்கிறது, பதிவேடு வைக்கிறது, தண்டிக்கிறது எல்லாம் ஒரே அமைப்பு.

இந்த ஏற்பாட்டை ஆட்டிப் பார்த்தது சத்யம். 2009 ஜனவரி 7. ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி, அதோட தலைவர் ராமலிங்க ராஜு தானே முன்வந்து கடிதம் எழுதுறார். புத்தகத்துல காட்டின ரொக்கம், பேங்க் இருப்புல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு. யோசிச்சுப் பாருங்க. இது ஏதோ சிக்கலான கணக்குத் தந்திரம் இல்லை. பேங்க்ல இவ்வளவு பணம் இருக்குன்னு எழுதியிருக்கு, அது அங்கே இல்லை. பேங்க்ல நேரடியா கேட்டு உறுதிப்படுத்துறது ஆடிட்டோட அரிச்சுவடி. வருஷா வருஷம் அந்தக் கணக்குல ஆடிட்டர் கையெழுத்து இருந்துச்சு. 2015 ஏப்ரல்ல சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்தப்போ, அதுல முன்னாள் ஆடிட்டர்கள் 2 பேரும் இருந்தாங்க. அவங்க மேல்முறையீட்டுக்குப் போனாங்க.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. 2018 ஜனவரியில செபி, சம்பந்தப்பட்ட ஆடிட் நிறுவனங்கள் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளை 2 வருஷத்துக்கு ஆடிட் செய்யக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. 2019 செப்டம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை நீக்கிடுச்சு. ஆடிட் தரமா இருந்துச்சா இல்லையான்னு அளக்கிறது செபியோட வேலை இல்லைன்னு சொல்லுச்சு. முதலீட்டாளர்களைக் காப்பாத்தத்தான் செபி இருக்கு, ஆனா முதலீட்டாளர் நம்புற கையெழுத்து அதோட எல்லைக்குள்ள இல்லை. பதிவேடு யார் கையில இருக்குங்கிறது ஏன் முக்கியம்னு இதைவிடத் தெளிவா சொல்ல முடியாது.

சத்யத்துக்கு அப்புறம் வந்த 2013 கம்பெனிகள் சட்டத்துல, 132-ஆம் பிரிவுல ஒரு புது அமைப்பு எழுதப்பட்டுச்சு. தேசிய நிதி அறிக்கை ஆணையம், சுருக்கமா என்.எஃப்.ஆர்.ஏ. எழுதினாங்களே தவிர ஆரம்பிக்கலை. சி.ஏ.க்கள் பக்கத்துல இருந்து எதிர்ப்பு. எங்க ஆட்களை நாங்களே பார்த்துக்குவோம், ரெண்டாவது அமைப்பு எதுக்குன்னு. 2018 பிப்ரவரியில பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி வெடிச்சுது. மார்ச் மாசமே மத்திய அமைச்சரவை ஒப்புதல், அக்டோபர் 1-ஆம் தேதி ஆணையம் அமைஞ்சுது. 5 வருஷமா நகராத கோப்பு, ஒரு ஊழல் வந்ததும் ஓடுச்சு.

இந்த ஆணையம் சி.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அமைக்கிறது இல்லை, அரசாங்கம் நியமிக்கிறது. அதிகாரமும் பெரிசு. தனிநபர் ஆடிட்டருக்குக் குறைஞ்சது 1 லட்சம் ரூபாய் அபராதம், அவர் வாங்கின ஃபீஸ்ல 5 மடங்கு வரைக்கும் போகலாம். நிறுவனத்துக்கு 10 மடங்கு வரைக்கும். 6 மாசத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் தொழில் தடை. 2020 ஜூலையில, ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமக் கம்பெனி ஒண்ணோட ஆடிட்ல கையெழுத்துப் போட்டவருக்கு 25 லட்சம் அபராதமும் 7 வருஷத் தடையும் விதிச்சாங்க. அந்த உத்தரவுகளை யார் வேணும்னாலும் ஆணையத்தோட இணையதளத்துல படிக்கலாம். ஒரு ஆடிட்டர் எந்த இடத்துல கேள்வி கேட்காம விட்டார்னு வரிவரியா எழுதியிருப்பாங்க. எனக்கு அது துப்பறியும் கதை படிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள், பேங்க், இன்ஷூரன்ஸ், குறிப்பிட்ட அளவுக்கு மேல பெரிய பொது நிறுவனங்கள். உங்க தெருமுனையில போர்டு மாட்டியிருக்கிற சி.ஏ.வோட பதிவேடு இன்னமும் ஐ.சி.ஏ.ஐ. கிட்டதான். அங்கேயும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுல வெளியாட்கள் பெரும்பான்மையா இருக்கணும், தலைமையும் சி.ஏ. அல்லாதவர்னு 2022-ல நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேத்தியிருக்கு.

நம்ம அளவுல ரொம்ப உபயோகமான ஒண்ணு, யூடின். ஒரு சி.ஏ. கையெழுத்துப் போடுற ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆடிட் அறிக்கைக்கும் 18 இலக்கத்துல ஒரு தனி எண் உருவாக்கணும். 2019 பிப்ரவரியில சான்றிதழ்களுக்குக் கட்டாயம் ஆக்கினாங்க, ஜூலைக்குள்ள எல்லா ஆடிட் வேலைக்கும் வந்துடுச்சு. அந்த எண்ணை ஐ.சி.ஏ.ஐ.யோட யூடின் தளத்துல போட்டா, அது உண்மையான சி.ஏ. கொடுத்ததான்னு தெரிஞ்சிடும். ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு போலிக் கையெழுத்து போடுறவங்களைப் பிடிக்கத்தான் இது.

எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்துல போன வருஷம் கணக்கு அறிக்கை வந்துச்சு. முத்திரை இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு, யூடின் இல்லை. நான் எழுந்து கேட்டேன். பக்கத்துல இருந்த மாமா, "என்னப்பா, வருஷா வருஷம் அவர்தானே பார்க்கிறார், இப்படிச் சந்தேகப்பட்டா எப்படி?"ன்னார். பொருளாளர் முகமும் சுருங்கிடுச்சு. அடுத்த வாரம் எண்ணோட புது பிரதி வந்துச்சு, தளத்துல போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியா இருந்துச்சு. அந்த மாமாவே இப்போ தன்னோட ஃபிக்சட் டெபாசிட் ஆளைப் பத்தி என்கிட்ட விசாரிக்கிறார். நம்பர் கேட்கிறது அவமானப்படுத்துறது இல்லை. ஆட்டோவுல மீட்டர் போடச் சொல்ற மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை. 'டாக்ஸ் கன்சல்டன்ட்'னு போர்டு போட எந்தப் பதிவேடும் வேண்டாம். உங்க வருமான வரி ரிட்டர்னை யார் வேணும்னாலும் ஃபைல் பண்ணிக் கொடுக்கலாம். "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதுல இத்தனை பர்சன்ட் எனக்கு"ன்னு சொல்றவங்க இந்த இடைவெளியிலதான் வாழ்றாங்க. ஒரு சி.ஏ. இப்படிச் சதவீதக் கணக்குல ஃபீஸ் பேசுறது பொதுவா அவரோட தொழில் விதிக்கே எதிரானது. பொய்யா ஹெச்.ஆர்.ஏ., பொய்யா நன்கொடைன்னு காட்டி ரீஃபண்ட் வந்தா, பின்னாடி நோட்டீஸ் வர்றது உங்க பேருக்கு. அவர் பேர் எந்தக் காகிதத்துலயும் இருக்காது.

முதலீட்டு ஆலோசகர்: மூணு எழுத்துல இருக்கு விஷயம்

மூணாவது, பணத்தை எங்கே போடணும்னு சொல்றவங்க. இங்கே சொந்த சங்கமே கட்டுப்படுத்துற வழக்கம் இல்லை. நேரடியா செபி. 2013-ல முதலீட்டு ஆலோசகர்களுக்கும், 2014-ல பங்கு ஆய்வாளர்களுக்கும் விதிமுறைகள் வந்துச்சு.

பதிவு எண்ணோட முதல் மூணு எழுத்தைப் பார்த்தாலே ஆள் யார்னு தெரிஞ்சிடும். 'ஐ.என்.ஏ.'ன்னு ஆரம்பிச்சா ஆலோசகர். உங்க நிலைமையைக் கேட்டு, உங்களுக்கு எது பொருந்தும்னு சொல்லணும், ஃபீஸ் உங்ககிட்டதான் வாங்கணும். 'ஐ.என்.ஹெச்.'னு ஆரம்பிச்சா ஆய்வாளர். இந்தப் பங்கு நல்லதா இல்லையான்னு பொதுவா சொல்லலாம். 'ஏ.ஆர்.என்.'னா மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவருக்குக் கமிஷன் ஃபண்ட் கம்பெனியில இருந்து வருது. இது தப்பே இல்லை, நிறைய நல்ல விநியோகஸ்தர்கள் இருக்காங்க. ஆனா அவர் உங்களுக்கு ஆலோசகர் இல்லை, விக்கிறவர். ஜவுளிக்கடையில "இந்தப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா"ன்னு சொல்றவரை நாம எவ்வளவு நம்புவோமோ, அந்த அளவு நம்பலாம். கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியில இருந்தே இருக்கு.

பதிவு பெற்ற ஆலோசகருக்குக் கடிவாளம் அதிகம். நிலையான ஃபீஸ்னா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது, இல்லைன்னா ஆலோசனைக்கு உட்பட்ட சொத்து மதிப்புல 2.5 சதவீதம். ரொக்கமா வாங்கக் கூடாது. லாபத்துல பங்கு கேட்கக் கூடாது. இவ்வளவு லாபம் நிச்சயம்னு உத்தரவாதம் தரக் கூடாது. முதலீட்டுப் பணம் அவர் கணக்குக்குப் போகவே கூடாது. இப்போ உங்க டெலிகிராம் குரூப்பை மனசுல கொண்டு வாங்க. இதுல எத்தனை விதி மீறப்படுது?

2023 அக்டோபர்ல 'பாப் ஆஃப் சார்ட்'ங்கிற பேர்ல இயங்கினவர் மேல செபி உத்தரவு போட்டுச்சு. பதிவு இல்லாம, கல்விங்கிற பேர்ல பங்கு ஆலோசனை கொடுத்ததா சொல்லி, 17 கோடி ரூபாய்க்கு மேல தனிக் கணக்குல கட்டச் சொன்னாங்க. அதுக்கப்புறம் 2024-ல, பதிவு பெற்ற நிறுவனங்கள் இந்த மாதிரி ஆட்களோட எந்தத் தொடர்பும் வெச்சுக்கக் கூடாதுன்னு விதி வந்துச்சு. கல்வின்னு சொல்றவங்க கடைசி 3 மாச விலையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2025 ஜனவரியில சுற்றறிக்கை விட்டாங்க. பாடம் நடத்த நேத்திக்கு விலை எதுக்குங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி.

மோசடிக்காரங்களும் சும்மா இல்லை. உண்மையான ஆலோசகர் ஒருத்தரோட பதிவு எண்ணைத் திருடி தங்களோட ப்ரொஃபைல்ல போட்டுக்குவாங்க. எண் சரியா இருக்கும், ஆள் வேற. அதனால செபி இணையதளத்துல எண்ணை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. அங்கே இருக்கிற போன், இமெயிலுக்கு நீங்களே தொடர்பு கொண்டு, "என்கிட்ட பேசுறது நீங்கதானா?"ன்னு கேளுங்க. 2025 அக்டோபர்ல இருந்து, பதிவு பெற்றவங்க பணம் வாங்கத் தனி யூ.பி.ஐ. முகவரி வந்திருக்கு. அட் குறிக்கு அடுத்து 'வேலிட்'ங்கிற சொல்லும், அப்புறம் பேங்க் பேரும் இருக்கும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள்ள கட்டைவிரல் குறி தெரியணும். சாதாரண ஆளோட பேர்ல யூ.பி.ஐ. கேட்டா அங்கேயே நிறுத்திடுங்க.

சரி, இதையெல்லாம் வெச்சு என்ன பண்றது?

இந்த மூணுல எது சிறந்ததுன்னு கேட்டா, எனக்கு ஒரு கருத்து இருக்கு. அரசாங்கம் நேரடியா பார்த்தா வேகமும் பல்லும் இருக்கும், ஆனா வக்கீல் தொழிலுக்கு அது ஆபத்து. தொழில்காரங்களே பார்த்துக்கிட்டா சுதந்திரம் இருக்கும், ஆனா தன் ஆளைத் தண்டிக்கக் கை நடுங்கும். திவால் சட்டத்துல ஒரு நடுவழி முயற்சி இருக்கு. ஒரு பில்டர் கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனா, அதை நடத்த ஒரு திவால் தொழில்முறையாளர் வருவார். ஃப்ளாட் வாங்கினவங்களும் 2018-ல இருந்து நிதிக் கடன்தாரர்கள்தான், அதனால இவர் யார்ங்கிறது உங்களுக்கும் முக்கியம். அவர் ஒரு தொழில்முறை முகமையில உறுப்பினராவும் இருக்கணும், ஐ.பி.பி.ஐ.ங்கிற அரசு வாரியத்துலயும் பதிஞ்சிருக்கணும். தொழில் தெரிஞ்சவங்க ஒரு கண், வெளியாள் ஒரு கண். ஆடிட்டர்களும் மெதுவா அந்தப் பக்கம்தான் நகர்றாங்க. வக்கீல்களோட குழுவுலயும் அரசாங்கம் இல்லாம, சாதாரண மக்கள் சார்புல ஒருத்தராவது உட்காரணும்னு நான் நினைக்கிறேன். அந்த நாற்காலிக்காகக் கேட்க வேண்டியது கட்சிக்காரர்களான நாமதான். ஏன்னா வேற யாருக்கும் அதுல அவசரம் இல்லை.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது மூணு கேள்வி. இவர் எந்தப் பதிவேட்டுல இருக்கார்? அதுல இருந்து பேரை யார் அடிக்க முடியும்? அடிச்சா எனக்கு என்ன கிடைக்கும்?

மூணாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'ஒண்ணும் கிடைக்காது'ன்னுதான். அதனாலதான் காகிதம் முக்கியம். என்ன வேலை, எவ்வளவு ஃபீஸ், எப்போ முடியும்னு ஒரு மெயிலாவது வாங்கி வெச்சுக்கங்க. ஃபீஸைப் பேங்க் வழியா கொடுங்க, ரசீது கேளுங்க. நாளைக்குச் சிவில் கோர்ட்டுக்கோ வேற எங்கேயோ போனா, பேசப் போறது அந்தக் காகிதம்தான். செபியில பதிவு பெற்றவர்னா 'ஸ்கோர்ஸ்' தளத்துல புகார் கொடுக்கலாம், 21 நாளுக்குள்ள அவங்க பதில் நடவடிக்கை காட்டணும். ஆன்லைன்ல பணம் பறிபோயிருந்தா யோசிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க. முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. உங்களுக்காக வேண்டாம், அப்பா அம்மாவுக்காக. அவங்க ரிட்டயர்மென்ட் பணத்தை யார் சொல்லி எங்கே போட்டிருக்காங்கன்னு கேளுங்க. திட்டாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. அந்த ஆளோட பதிவு எண்ணை வாங்கி, தளத்துல நீங்க போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. பேர், ஊர் எதுவும் போடாம அடுத்த எபிசோட்ல பேசுவோம்.